மேம்பாலம் ஏறினால் டிராக்‌ஷன் விளக்கு, அப்புறம் பிக்கப் இல்லை: த்ராட்டில் பாடி மாற்றத்தான் வேண்டுமா?

வேகத்தடை (கோவை)

வணக்கம். வண்டி 2005 மாடல் ஐரோப்பிய செடான், பெட்ரோல், ஆட்டோமேட்டிக். கம்பெனி பெயரைப் போட்டால் இழை பிராண்ட் சண்டையாகிவிடும், அதனால் போடவில்லை.

இஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, மேம்பாலம் ஏறினாலோ பள்ளத்தில் இறங்கி ஏறினாலோ முதலில் டிராக்‌ஷன் விளக்கு எரிகிறது, அந்த வழுக்கும் கார் படம். கூடவே இஞ்சின் விளக்கும். அதற்குப் பிறகு மிதியை முழுக்க அமுக்கினாலும் வண்டி ஊர்ந்துதான் போகும். ஓரங்கட்டி சாவியை அணைத்துத் திரும்பப் போட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடுகிறது. மழையும் இல்லை, ரோடு வழுக்கவும் இல்லை.

கராஜில் "த்ராட்டில் பாடி போச்சு, புதுசு போடணும்" என்கிறார்கள். இஞ்சினுக்குள் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் தட்டு இருக்கும் பகுதியாம். சொல்லும் விலைக்கு வண்டியை விற்றால் வரும் பணத்தில் பாதி போய்விடும். எனக்கு இன்னொன்றும் புரியவில்லை. டிராக்‌ஷன் கன்ட்ரோல் என்பது சக்கரமும் பிரேக்கும் சம்பந்தப்பட்டது. அதற்கும் த்ராட்டிலுக்கும் என்ன உறவு?

ஹாரன் (ஈரோடு)

ஏபிஎஸ் ஃப்யூஸைப் பிடுங்கிவிடுங்கள் பாஸ். விளக்கும் போகும், தொல்லையும் போகும்.

மல்டிமீட்டர் (திருச்சி)

ஹாரன், ஃப்யூஸைப் பிடுங்கினால் விளக்கு போகாது, இன்னும் ரெண்டு சேர்ந்து எரியும். கூடவே ஏபிஎஸ், அதாவது பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏற்பாடு, போகும். முன், பின் சக்கரங்களுக்கு பிரேக்கைப் பங்கிட்டுக் கொடுக்கும் வேலையும் இந்த மாதிரி வண்டிகளில் அதே ஏபிஎஸ் கம்ப்யூட்டர் பெட்டிதான் செய்கிறது. மழையில் அவசரமாக பிரேக் போட்டால் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி சுற்றும். தயவுசெய்து இதை யாரும் செய்ய வேண்டாம்.

வேகத்தடை சாரின் கேள்விக்கு வருகிறேன். உறவு இருக்கிறது, அதுவும் நெருங்கிய உறவு. ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு வேக சென்சார் உண்டு. ஏபிஎஸ் பெட்டி நாலையும் ஒப்பிட்டுப் பார்க்கும். இஞ்சின் இழுக்கும் சக்கரம் மற்றதைவிட வேகமாகச் சுற்றினால் அது வழுக்குகிறது என்று அர்த்தம். அப்போது ரெண்டு வழி இருக்கிறது: அந்தச் சக்கரத்தை மட்டும் லேசாக பிரேக் பிடிப்பது, அல்லது இஞ்சினின் இழுவையைக் குறைப்பது. இழுவையைக் குறைக்க இக்னிஷனைத் தாமதப்படுத்தலாம், பெட்ரோலை ஒரு கணம் நிறுத்தலாம், இல்லையென்றால் த்ராட்டிலைக் கொஞ்சம் மூடலாம்.

சிக்கல் இந்தக் கடைசி வழியில்தான். மிதியைக் கேபிளால் இணைத்த பழைய வண்டியில் த்ராட்டில் உங்கள் காலின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. நீங்கள் அமுக்கிக்கொண்டிருக்கும்போது கம்ப்யூட்டர் எப்படி மூடும்? அதற்காக லெக்ஸஸ் எல்எஸ்400 மாதிரி சில வண்டிகளில் கேபிள் த்ராட்டிலுக்கு முன்னால் மோட்டார் வைத்த இரண்டாவது தட்டு ஒன்றைப் போட்டார்கள். பிஎம்டபிள்யூ 1987-ல் 750ஐ வண்டியில் கேபிளையே எடுத்துவிட்டது. மிதி வெறும் சென்சார், தட்டைத் திருப்புவது மோட்டார். டிராக்‌ஷன் கன்ட்ரோலுக்கு அதற்குமேல் தனி ஏற்பாடு தேவையில்லை, "கொஞ்சம் மூடு" என்று இஞ்சின் கம்ப்யூட்டரிடம் கேட்டால் போதும்.

இதன் மறுபக்கம்தான் உங்கள் டாஷ்போர்டில் தெரிகிறது. த்ராட்டிலில் சந்தேகம் வந்த உடனே இஞ்சின் கம்ப்யூட்டர், "இனி நீ கேட்டால் என்னால் செய்ய முடியாது" என்று ஏபிஎஸ் பெட்டிக்குச் செய்தி அனுப்பும். ஏபிஎஸ் பெட்டி டிராக்‌ஷன் கன்ட்ரோலை நிறுத்தி விளக்கைப் போடும். பல வண்டிகளில் இஞ்சின் விளக்கைவிட இது முந்திக்கொள்ளும், அதனால் பார்ப்பவர்கள் சக்கரத்தைத் துருவ ஆரம்பிக்கிறார்கள். தபால்காரரைப் பிடித்து அடிக்கிற கதை.

வண்டி ஊர்வதும் பழுதின் நேரடி விளைவு இல்லை, வேண்டுமென்றே செய்வது. லிம்ப் மோட். த்ராட்டில் தட்டை ஸ்ப்ரிங்குகள் லேசாகத் திறந்த நிலையில் பிடித்திருக்கும். மோட்டாருக்குக் கரண்ட் போகாவிட்டால் தட்டு அங்கே வந்து நிற்கும், வண்டியை ஓரத்துக்குக் கொண்டுபோகிற அளவு காற்று கிடைக்கும்.

ஸ்கேன் செய்தார்களா? என்ன கோட், அதாவது கம்ப்யூட்டர் பதிந்து வைத்த பழுது எண், வந்தது?

கேபிள்கட்சி (மதுரை)

இதனால்தான் நான் 98 மாடலை விடாமல் வைத்திருக்கிறேன். கேபிள், ஒரு ஸ்ப்ரிங், முடிந்தது கதை. அறுந்தால் பஜாரில் வாங்கி மரத்தடியில் மாட்டலாம். இப்போது மிதிக்கும் இஞ்சினுக்கும் நடுவில் கம்ப்யூட்டர் உட்கார்ந்துகொண்டு "யோசித்துச் சொல்கிறேன்" என்கிறது.

வேகத்தடை (கோவை)

நன்றி மல்டிமீட்டர் அண்ணா. இப்போதுதான் புரிகிறது. கராஜில் எடுத்த ஸ்கேனில் பி2135 மட்டும் வந்தது. என்னிடம் இருக்கும் சின்ன ப்ளூடூத் ஸ்கேனர் இஎல்எம்327-லும் அதேதான். அதில் ஏபிஎஸ் பக்கம் ஒன்றும் காட்டவில்லை.

மல்டிமீட்டர் (திருச்சி)

அந்தச் சின்ன ப்ளூடூத் பெட்டியோடு வரும் சாதாரண ஆப்கள் இஞ்சின் கோட் மட்டும்தான் படிக்கும். "ஏபிஎஸ்ஸில் ஒன்றும் இல்லை" என்றும் "ஏபிஎஸ்ஸிடம் கேட்கவே இல்லை" என்றும் ரெண்டு உண்டு, உங்களுடையது இரண்டாவது. உங்கள் வண்டிக்கான ஸ்கேனரில் எல்லாப் பெட்டியையும் படிக்கச் சொல்லுங்கள். பி என்று தொடங்குவது இஞ்சின், கியர். சி என்றால் பிரேக், ஸ்டியரிங், சக்கரம். யு என்றால் பெட்டிகளுக்கு இடையே பேச்சு அறுந்தது.

பி2135 என்பது "த்ராட்டில் பாடி போய்விட்டது" என்ற கோட் இல்லை. இதை நாலு முறை சொன்னாலும் தப்பில்லை. த்ராட்டில் தட்டு எங்கே இருக்கிறது என்று சொல்ல ரெண்டு சென்சார்கள். பல வண்டிகளில் ஒன்றின் வோல்ட்டேஜ் 0.5-லிருந்து 4.5 வரை ஏறும்போது மற்றது 4.5-லிருந்து 0.5 வரை இறங்கும். கூட்டினால் எப்போதும் சுமார் 5 வோல்ட் வர வேண்டும். வேறு சில வண்டிகளில் ஒன்று மற்றதில் பாதியாக இருக்கும். கணக்கு உதைத்தால் பி2135. அவ்வளவுதான் அதன் பொருள்: ரெண்டு சாட்சிகளும் வேறு வேறு சொல்கிறார்கள். எந்த சாட்சி பொய், அல்லது நடுவில் ஒயரே பொய் சொல்கிறதா என்று கோட்டுக்குத் தெரியாது. மிதியில் இதே தகராறு வந்தால் அது பி2138.

உங்கள் வண்டியில் சூடானால், அதுவும் குலுங்கினால் வருகிறது என்கிறீர்கள். பாடிக்குள் தேய்மானம் என்றால் மிதியின் ஒரு குறிப்பிட்ட நிலையில்தான் வரும், பள்ளம் மேட்டைப் பற்றி அது கவலைப்படாது. எனக்கு ஒயர் அல்லது கனெக்டர் மேல்தான் சந்தேகம். இப்படிச் செய்யுங்கள்:

இஞ்சினை அணைத்து சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். ஸ்கேனரில் ரெண்டு த்ராட்டில் சென்சாரின் வோல்ட்டேஜையும் ஒரே திரையில் வையுங்கள். இன்னொருவர் மிதியை மெதுவாக, மிக மெதுவாக, அடிவரை அமுக்கி விடட்டும். ஏற்றத்தில் எங்காவது ஒரு குதி, ஒரு பள்ளம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால், அதுவும் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால், தேய்ந்த சென்சார். இல்லையென்றால் மிதியை விட்டுவிட்டு த்ராட்டில் கனெக்டரிலிருந்து கம்ப்யூட்டர் வரை ஒயர்க் கட்டை ஒவ்வொரு அங்குலமாக அசையுங்கள், வளையுங்கள். எண் துடித்தால் அங்கேதான். ஒயரை அசைக்கும்போது த்ராட்டில் வாயில் விரல் வைக்க வேண்டாம். சாவி ஆனில் இருக்கும்போது அந்தத் தட்டு திடீரென்று மூடும், நல்ல பலமான மோட்டார்.

பழுதுநீக்கி (நாகர்கோவில்)

மல்டிமீட்டர் சொல்வதோடு ஒன்று சேர்க்கிறேன், இருபது வருடத்துக்கு மேல் எலெக்ட்ரிக்கல் வேலை செய்கிறவன் என்ற முறையில். ஸ்கேனர் மாட்டுவதற்கு முன்னால் பேட்டரியைப் பாருங்க தம்பி. பழைய வண்டியில் வரும் விசித்திர விளக்குகளில் பாதி வோல்ட்டேஜ் கோளாறு. இஞ்சின் ஓடும்போது, ஹெட்லைட், ஏசி எல்லாம் போட்டு, பேட்டரியில் 13.5-க்கு மேல் இருக்கணும். அப்புறம் மீட்டரின் ஒரு முள்ளை பேட்டரி மைனஸிலும் இன்னொன்றை இஞ்சின் பிளாக்கிலும் வைத்து ஸ்டார்ட் அடிங்க. அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பேட்டரி மைனஸை இஞ்சினோடும் பாடியோடும் இணைக்கும் எர்த் ஸ்ட்ராப் செத்தது. கழற்றி, பெயின்ட் துரு எல்லாம் சுரண்டி, இறுக்கி மாட்டினாலே பலருக்கு வேலை முடிந்துவிடும். புது பேட்டரி போடும்போது அளவு பெரியதாக வாங்கி, பக்கத்தில் போகும் ஒயர்க் கட்டை நசுக்கி வைத்த வண்டிகளும் நிறைய வரும். நம்ம பக்கம் எலி வேறு.

பிரேக் லைட் ஸ்விட்சையும் மறக்காதீங்க. மலிவான சாமான், ஆனால் இஞ்சின் கம்ப்யூட்டர், ஏபிஎஸ் பெட்டி ரெண்டுமே அதைக் கேட்கும். பிரேக் மிதிக்காமலே "மிதித்திருக்கிறார்" என்று அது சொன்னால் டிராக்‌ஷன் விளக்கு எரியும், வேகத்தைத் தானாகப் பிடித்து வைக்கும் க்ரூஸ் வேலை செய்யாது, சில வண்டியில் மிதியும் மந்தமாகும். ராத்திரி சுவர்ப் பக்கம் வண்டியை நிறுத்தி, பிரேக் மிதிக்காமலே பிரேக் லைட் எரிகிறதா என்று பார்த்தாலே ஒரு துப்பு கிடைக்கும்.

கிள்ளான்காரன் (மலேசியா)

இங்கே மழை தினமும் என்பதால் டிராக்‌ஷன் விளக்கோடுதான் எங்கள் வாழ்க்கை. என் வண்டிக்கு வேறு மாதிரி. பிக்கப் குறையவே இல்லை, ஆனால் சிக்னலில் நிற்பதற்குச் சற்று முன், நடக்கிற வேகத்தில் ஏபிஎஸ் "கரகர" என்று மிதியை உதைக்கும். சில நேரம் காய்ந்த ரோட்டில் கிளம்பும்போதே டிராக்‌ஷன் விளக்கு மின்னி வண்டி முக்கும். காரணம் டிரைவ் ஷாஃப்ட் மேல் இருக்கும், சக்கர வேக சென்சார் படிக்கும் பல் வளையம். அடியில் துரு பிடித்து ஊதி வளையம் வெடித்திருந்தது. ஒரு இடத்தில் பல்லுக்கும் பல்லுக்கும் இடைவெளி அகன்றுவிட்டதால் அந்தச் சக்கரம் ஒரு கணம் நின்றுபோன மாதிரி கம்ப்யூட்டருக்குத் தெரிகிறது. வளையத்தை மட்டும் தனியாக வாங்கிப் போட்டேன், ஷாஃப்ட் முழுதாக வாங்கச் சொன்ன கடையை விட்டுவிட்டு.

பேரிங் மாற்றியவர்களுக்கு ஒன்று. புதிய மாடல்களில் பல் வளையம் இல்லை, பேரிங்கின் ஒரு பக்க சீலில் காந்தப் பட்டை ஒட்டியிருக்கும். கண்ணுக்குத் தெரியாது. திருப்பிப் போட்டு அழுத்திவிட்டால் சென்சாருக்கு ஒன்றும் கிடைக்காது, வேலை முடிந்து கிளம்பியதும் விளக்கு எரியும். சின்ன இரும்பு க்ளிப்பை ரெண்டு பக்கமும் வைத்துப் பாருங்கள், ஒட்டுகிற பக்கம் சென்சார் பக்கம்.

வேகத்தடை (கோவை)

கண்டுபிடித்தாகிவிட்டது! மிதியை மெதுவாக அமுக்கியபோது ரெண்டு எண்ணும் அழகாக ஏறி இறங்கின. ஒயரை அசைத்தபோது, த்ராட்டிலிலிருந்து வரும் கட்டு இஞ்சினை விட்டு பாடிப் பக்கம் தாண்டும் வளைவில், இரண்டாவது சென்சார் திடீரென்று பூஜ்யத்துக்கு விழுந்தது. டேப்பைப் பிரித்தால் உள்ளே ஒரு ஒயர் வெளித்தோல் மட்டும் முழுசாக, செம்பு உள்ளுக்குள் அறுந்து இருந்தது. இழுத்தால் தோல் ரப்பர் மாதிரி நீள்கிறது. பழைய துண்டை வெட்டி, அதே தடிமனில் புது ஒயர் சேர்த்து, சால்டர் வைத்து, சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு, கொஞ்சம் தளர்வு விட்டுக் கட்டினோம். கோட் அழித்த பிறகு டிராக்‌ஷன் விளக்கும் வரவில்லை. சிறுவாணி ரோட்டில் மேடு பள்ளமாகத் தேடிப்போய் ஓட்டினேன்.

பழுதுநீக்கி (நாகர்கோவில்)

நல்லது தம்பி. சால்டர் ஜாயின்ட் அந்த வளைவிலேயே இருந்தால் மறுபடி ஓரத்தில் முறியும். ஜாயின்ட் நேராகப் போகும் பகுதிக்கு வரும்படி ஒயரை நீட்டி விடுங்க. பக்கத்து ஒயர்களும் அதே வயசு, கையோடு அவற்றையும் இழுத்துப் பார்த்துவிடுங்க.

மூணாங்கியர் (சென்னை)

வேகத்தடைக்கு ஒயரில் முடிந்தது. எல்லோருக்கும் அப்படி முடியாது. எனக்கு அதே பி2135, ஆனால் மிதியைக் கால்வாசி அமுக்கும் இடத்தில் மட்டும் எண் குதித்தது. நகருக்குள் ஓட்டும் வண்டியின் த்ராட்டில் முக்கால்வாசி நேரம் அந்தச் சின்னத் திறப்பில்தான் நிற்கிறது. பழைய வகை சென்சாரில் கார்பன் பாதை மேல் சின்ன உலோக விரல் உரசிக்கொண்டே போகும். அதே இடத்தில் லட்சக்கணக்கான தடவை உரசினால் பாதை தேய்கிறது. அதை சுத்தம் செய்து காப்பாற்ற முடியாது. புதுப்பேட்டையில் பழைய பாடி ஒன்று வாங்கிப் போட்டேன்.

டொரன்டோ_பனி (கனடா)

மூணாங்கியர் சொல்லும் தேய்மானத்துக்கு ஊரறிந்த உதாரணம் வோல்வோ. 1999 முதல் 2001 வரையான எஸ்70, வி70, எஸ்80 வரிசையில் மாக்னெட்டி மரெல்லி செய்த த்ராட்டில் மாட்யூல். இதே உரசும் சென்சார், இதே தேய்மானம், அதே திடீர் மந்தம். அமெரிக்காவில் புகார்கள் குவிந்து, கடைசியில் வோல்வோ அந்த உறுப்புக்கு 10 வருடம் அல்லது 2,00,000 மைல் என்று உத்தரவாதத்தை நீட்டியது. பிறகு வெளியாட்கள் உள்ளே உரசாத காந்த சென்சார் வைத்துப் புதுப்பித்துத் தர ஆரம்பித்தார்கள். உரசும் வகை வேண்டாம் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. பின்னால் வந்த வண்டிகளில் பெரும்பாலும் உரசாத வகைதான்.

ஒயர் பக்கத்துக்கு உதாரணம் வேண்டுமானால் 90-களின் முதல் பாதியில் வந்த மெர்சிடிஸ். டபிள்யூ124, டபிள்யூ140, முதல் வருட டபிள்யூ202 மாடல்கள் எல்லாம். இஞ்சின் சூட்டில் ஒயரின் தோல் காய்ந்து கையில் தொட்டால் உதிரும். த்ராட்டில் மோட்டாருக்குள் போகும் ஒயருக்கும் அதே நிலை. உதிர்ந்த ஒயர்கள் ஒன்றோடொன்று தொட்டால் ஏஎஸ்ஆர் (மெர்சிடிஸின் டிராக்‌ஷன் கன்ட்ரோல்) விளக்கு எரியும், வண்டி நடக்கும் வேகத்துக்கு வரும். கம்ப்யூட்டரை மாற்றி, பம்ப்பை மாற்றி, கடைசியில் ஒயர் என்று தெரிந்தவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். 1995-ல் புனேயில் மெர்சிடிஸ் முதலில் தயாரித்ததும் இதே டபிள்யூ124 தான். நம் ஊரில் இன்னும் வைத்திருப்பவர்கள் வாங்கும் முன் ஒயரை வளைத்துப் பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

கேபிள்கட்சி (மதுரை)

ஆக ஒயர் உதிரும், சென்சார் தேயும், மோட்டார் போகும். நான் சொன்னதைத்தான் எல்லோரும் நீட்டிச் சொல்கிறீர்கள். மந்தமானாலாவது பரவாயில்லை, தானாக வேகம் எடுத்தால்? டொயோட்டா விவகாரம் ஞாபகம் இருக்கிறதா?

மல்டிமீட்டர் (திருச்சி)

ஞாபகம் இருக்கிறது, முழுசாகவே சொல்வோம். 2009 ஆகஸ்டில் கலிபோர்னியாவில் டொயோட்டாவின் லெக்ஸஸ் இஎஸ்350 ஒன்று நிற்காமல் ஓடி நால்வர் இறந்தார்கள். அது டீலர் இரவலாகக் கொடுத்த வண்டி, வேறு மாடலுக்கான ரப்பர் பாய் மிதியில் சிக்கியிருந்தது. அதைத் தொடர்ந்து பாய்க்காகவும், மிதி ஒட்டிக்கொள்வதற்காகவும் லட்சக்கணக்கான வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. கம்ப்யூட்டர்தான் காரணமா என்று பார்க்க அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை நாசாவிடமே கொடுத்தது. 2011 பிப்ரவரியில் வந்த அறிக்கையில், த்ராட்டிலைப் பெரிதாகத் திறந்துவிடும் மின்னணுக் கோளாறு எதையும் கண்டுபிடிக்கவில்லை என்றார்கள். ஆனால் பழைய உரசும் வகை மிதி சென்சாருக்குள் வெள்ளீயப் பூச்சிலிருந்து மயிரிழை போன்ற கம்பிகள் வளர்ந்து ரெண்டு சிக்னலையும் இணைப்பதைப் பார்த்தார்கள்.

கதை அங்கே முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2013-ல் ஓக்லஹோமா வழக்கில் 2005 கேம்ரியின் மென்பொருளை ஆராய்ந்த நிபுணர்கள் அதில் கடுமையான குறைகள் இருப்பதாகச் சாட்சி சொன்னார்கள், ஜூரி டொயோட்டாவுக்கு எதிராகத் தீர்ப்புக் கொடுத்தது. 2014-ல் பாய், மிதி விஷயத்தில் மக்களிடம் உண்மையை மறைத்ததற்காக அமெரிக்க நீதித்துறையுடன் 120 கோடி டாலருக்கு உடன்பாடு. எனவே "எலெக்ட்ரானிக் என்றால் பூரணம்" என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் கேபிளும் ஒட்டும், கேபிள்கட்சி அண்ணா. இழை பிரிந்த கேபிள் உறைக்குள் மாட்டிக்கொண்டால் த்ராட்டில் திறந்தே நிற்கும். அதைக் கவனிக்க இரண்டாவது சாட்சி எதுவும் இல்லை. வேகத்தடையின் வண்டி ஒரு அறுந்த ஒயரைப் பார்த்து என்ன செய்தது? இழுவையைக் குறைத்தது. தொல்லைதான், ஆனால் பாதுகாப்பான பக்கம் விழுந்த தொல்லை.

எந்த வகை வண்டியானாலும் வேகம் குறையவில்லை என்றால்: பிரேக்கை ஒரே அழுத்தாக முழுப் பலத்தோடு மிதியுங்கள், விட்டு விட்டு மிதிக்காதீர்கள். த்ராட்டில் திறந்திருக்கும்போது, பிரேக் மிதியை லேசாக்கும் பூஸ்டருக்கு வேண்டிய வேக்வம் (வெற்றிடம்) திரும்பக் கிடைக்காது, ரெண்டு மூன்று மிதியில் பிரேக் கல்லாகிவிடும். கியரை நியூட்ரலுக்குத் தள்ளுங்கள், இஞ்சின் கத்தட்டும். சாவியை உருவாதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

கேபிள்கட்சி (மதுரை)

நியூட்ரல் விஷயம் ஒப்புக்கொள்கிறேன். மற்றதில் நான் என் கட்சியிலேயே இருக்கிறேன்.

வன்னிச்சக்கரம் (யாழ்ப்பாணம்)

வணக்கம். இங்கே ஓடுறது முக்கால்வாசி ஜப்பான் ரீகண்டிஷன் வாகனங்கள். என்னுடைய கேள்வி வேறு. ஐடிலிங், அதாவது மிதிக்காமல் நிற்கும்போது இஞ்சின் ஓடுற வேகம், துடிக்கிறது என்று த்ராட்டிலைக் கழற்றி கார்பன் எல்லாம் துடைத்தோம். துடைத்த பிறகு ஐடிலிங் 1500 ஆர்பிஎம்-இல் நிற்கிறது, குறையவே இல்லை. கொழும்பு பஞ்சிகாவத்தையில் இருந்து வேறு த்ராட்டில் எடுப்பிக்கலாமோ என்று யோசிக்கிறேன். அதற்கு முதல் கேட்போம் என்று வந்தனான்.

பழுதுநீக்கி (நாகர்கோவில்)

வாங்க வேண்டாம் அண்ணாச்சி. வண்டி நல்லாத்தான் இருக்கு, கம்ப்யூட்டருக்குச் செய்தி போகவில்லை. கார்பன் சேரச் சேர தட்டின் ஓரத்தில் காற்று போகும் இடுக்கு அடைந்துகொண்டே வரும். அதை ஈடுகட்ட கம்ப்யூட்டர் தட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுதலாகத் திறந்து, அதையே மனப்பாடம் செய்து வைத்திருக்கும். நீங்க ஒரே நாளில் கார்பனை எடுத்துவிட்டீர்கள், அது பழைய கணக்கில் திறக்கிறது. காற்று அதிகம், ஐடிலிங் அதிகம்.

பழைய கணக்கை அழித்துப் புதிதாகக் கற்றுக்கொடுக்கணும். நிசானில் இதற்கு மிதி பழகுதல், தட்டு மூடும் நிலை பழகுதல், ஐடில் காற்று பழகுதல் என்று வரிசையாக மூன்று உண்டு, முதல் ரெண்டை முடிக்காமல் மூன்றாவது பிடிக்காது. ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா பெட்ரோல்களில் ஸ்கேனரில் பேசிக் செட்டிங் 060, கேபிள் வண்டியாக இருந்தால் 098. சில வண்டிகளில் சாவியை ஆன் செய்து மிதியைத் தொடாமல் அரை நிமிடம் விட்டாலே போதும். செய்யும்போது பேட்டரி நன்றாக இருக்கணும், இஞ்சின் சூடாக இருக்கணும், ஏசியும் விளக்கும் அணைந்திருக்கணும்.

அதற்கு முன் இன்டேக் ரப்பர் குழாய் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, கேஸ்கட் மடங்கியிருக்கிறதா பாருங்க. கழற்றி மாட்டிய பிறகு வரும் 1500-க்கு அதுவும் காரணமாக இருக்கும். இனிமேல் துடைக்கும்போது கார்பரேட்டர் க்ளீனரை அடிக்காதீங்க, தட்டின் ஓரத்தில் இருக்கும் பூச்சு போய்விடும். த்ராட்டிலுக்கென்று விற்கும் க்ளீனரைத் துணியில் நனைத்துத் துடைத்தால் போதும். தட்டை விரலால் பலமாகத் தள்ளவும் கூடாது, பின்னால் இருப்பது ப்ளாஸ்டிக் பல் சக்கரம்.

வன்னிச்சக்கரம் (யாழ்ப்பாணம்)

பெரிய உபகாரம் அண்ணை. ஸ்கேனர் வைத்திருக்கிற பொடியன் ஒருத்தன் கொக்குவிலில் இருக்கிறான், அவனைப் பிடிக்கிறேன்.

ஹாரன் (ஈரோடு)

சரி, ஃப்யூஸ் பிடுங்குவதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ஆனால் டிராக்‌ஷன் ஆஃப் பட்டன் எதற்குத்தான் வைத்திருக்கிறார்கள்? அதுவும் மிதியும் இஞ்சினும் நடுவில் ஒரு பெட்டி மாட்டி பிக்கப் ஏற்றலாம் என்று விற்கிறார்களே, அது எப்படி?

டொரன்டோ_பனி (கனடா)

பட்டன் தேவைப்படும் இடம் பனியும் மணலும். ஈசிஆர் ஓரம் கடற்கரை மணலில் இறக்கிவிட்டு மாட்டிக்கொண்டால், சக்கரம் கொஞ்சம் சுற்றித்தான் தோண்டி வெளியே வர வேண்டும். டிராக்‌ஷன் கன்ட்ரோல் ஒவ்வொரு முறையும் த்ராட்டிலை மூடினால் நகரவே முடியாது. வெளியே வந்ததும் திரும்ப ஆன் செய்யுங்கள்.

அந்தப் பெட்டி, மிதி அனுப்பும் வோல்ட்டேஜைக் கூட்டிச் சொல்கிறது. கால்வாசி மிதித்தால் பாதி மிதித்ததாகச் சொல்லும். முழுசாக மிதித்தால் கூடுதலாக ஒன்றும் இல்லை, இஞ்சின் அதே இஞ்சின். பழைய வண்டியின் மிதி கனெக்டரில் இன்னும் ரெண்டு ஜாயின்ட் சேர்ப்பது பி2138-க்கு வெற்றிலை பாக்கு வைப்பதுதான்.

மூணாங்கியர் (சென்னை)

ஒரு சின்ன சந்தேகம், புது இழை திறக்க வேண்டாமே என்று இங்கேயே. பாடி மாற்றியதிலிருந்து இஞ்சின் சுத்தமாக ஓடுகிறது. போன வாரம் முன்டயர் ரெண்டு மட்டும் மாற்றினேன். கடைக்காரர் 195/65-15 இல்லை என்று 195/60-15 போட்டார். பின்னால் பழைய 195/65. இப்போது பைபாஸில் நேராகப் போகும்போதே டிராக்‌ஷன் விளக்கு மின்னுகிறது. கோட் எதுவும் இல்லை. டயர்தானா?

மல்டிமீட்டர் (திருச்சி)

டயர்தான். 195/65-15 டயரின் விட்டம் சுமார் 634 மில்லிமீட்டர், 195/60-15 சுமார் 615. முன்சக்கரம் மூன்று சதவீதம் சிறியது, அதனால் எந்நேரமும் மூன்று சதவீதம் வேகமாகச் சுற்றுகிறது. உங்களுடையது முன்சக்கரம் இழுக்கும் வண்டி என்றால், கம்ப்யூட்டர் பார்வையில் நீங்கள் சென்னையிலிருந்து செங்கல்பட்டு வரை வழுக்கிக்கொண்டே போகிறீர்கள். புது டயருக்கும் தேய்ந்து தீர்ந்த டயருக்கும் நடுவிலேயே ரெண்டு சதவீத வித்தியாசம் வரும். அந்த அளவைப் பல வண்டிகள் பழகிக்கொள்ளும், அதற்குமேல் அளவே மாறினால் சிரமம்தான்.

கடைக்காரரிடம் பேசி ரெண்டையும் 195/65-க்கு மாற்றுங்கள். ரிம்மை 16 ஆக்கும் எண்ணம் இருந்தால் நாலுக்கும் 205/55-16 போடலாம், விட்டம் 632, கிட்டத்தட்ட அதே. வண்டிக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் அந்த அளவு இருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள்.